கோதுமையை நிறுத்தினால் பிள்ளை பேசுமா?

“கோதுமையையும் பாலையும் நிறுத்திப் பாருங்க. மூணே மாசத்துல புள்ள பேசிரும்.” பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையும் பெற்றோரின் காதில் இந்த வார்த்தை எப்படியாவது விழுந்துவிடுகிறது. உறவினர் ஒருவர் சொல்வார். செல்போனில் ஒரு வீடியோ வரும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வார். இது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எந்த அளவுக்கு உண்மை என்று தெரியாமல் இறங்கினால் பிள்ளையின் எடை குறையும். உள்ளே உண்மையாகவே ஒரு நோய் இருந்தால், அது பரிசோதனையில் சிக்காமல் தப்பிவிடவும் கூடும். துறையூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் இந்த இரண்டின் விளிம்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறது.

“அவங்க அப்பனும் மெதுவாத்தான் பேசினான்”

பச்சைமலை அடிவாரத்தில் மூன்று ஏக்கர். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், கொஞ்சம் பருத்தி. கட்டுத்தறியில் இரண்டு கறவை மாடுகள். மூத்தது பெண், இரண்டாவது பையன். ஒன்றரை வயதில் ‘அம்மா’, ‘தாத்தா’ என்று சொன்ன பையன், இரண்டு வயதில் அதையும் விட்டுவிட்டான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டால் ஓடுவான். காது கேட்கிறது, கூப்பிடுவதுதான் எட்டவில்லை. பொம்மை டிராக்டரைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பான்.

தாய்க்கு மனசு உறுத்தியது. மாமியாரிடம் சொன்னார். “ஏம்மா இதுக்குப் போயி கவலப்படுற? அவங்க அப்பனும் மூணு வயசு தாண்டித்தான் பேசினான்” என்றார் அவர். அன்பில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அதில் எட்டு மாதம் போய்விட்டது.

பேச்சோடு வயிறும் சேர்ந்துகொண்டது. நாலு நாள் மலம் போகாது. பிறகு ஜட்டியில் தண்ணீராகக் கசியும். வயிறு உப்பியே இருக்கும். சோறு வாயில் வைத்தால் துப்பிவிடுவான். ஒரே வகை பிஸ்கட்டைப் பாலில் தொட்டுக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுவான். இரண்டு மாடு இருக்கிற வீடு, பாலுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போனது.

அந்தச் சமயத்தில்தான் ஒருவர் மூலமாகத் தனியார் மையம் ஒன்றுக்குப் போனார்கள். “ஆட்டிசம் இருக்கு. குளூட்டன்தான் காரணம். கோதுமை, பால் ரெண்டையும் இன்னியோட நிறுத்துங்க” என்று சொல்லி, கூடவே மாதத்துக்கு ஒரு டப்பா பொடியும் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அந்த வருடம் வெங்காயத்துக்கு விலை இல்லை. தகப்பன் இரண்டு ஆட்டை விற்றுப் பொடிக்குப் பணம் கட்டினார்.

மறுநாளே எல்லாம் நின்றது. மாடு கட்டியிருக்கிற வீட்டில் பிள்ளைக்குப் பால் இல்லை. முதல் வாரம் பையன் அழுதே களைத்தான். இரண்டாம் வாரம் ஓர் அதிசயம்: மலம் ஒழுங்காகப் போனது, வயிறு வடிந்தது, ராத்திரி நன்றாகத் தூங்கினான். வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் பிஸ்கட்டும் பாலும் போன இடத்தில் வேறு எதையும் அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. நாலாவது வாரம் அங்கன்வாடித் தராசில் முக்கால் கிலோ குறைந்திருந்தது. அங்கன்வாடிப் பணியாளர்தான், “மொதல்ல பெரியாஸ்பத்திரில காட்டுங்கக்கா” என்று திருச்சிக்கு அனுப்பினார்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி

திருச்சியில் குழந்தைகள் நல மருத்துவர் முதலில் கேட்டது: “கோதுமையை நிறுத்தி எத்தனை நாளாச்சும்மா?”

நாலு வாரம் என்றதும், “நல்லவேளை, ரொம்ப நாள் ஆகல. பழையபடி கொடுங்க. நான் சொல்றப்ப ரத்தம் எடுப்போம்” என்றார். தகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. “இவ்வளவு கஷ்டப்பட்டு நிறுத்தியிருக்கோம், மறுபடி விஷத்தக் கொடுக்கச் சொல்றீங்களே டாக்டர்?”

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். செலியாக் என்று ஒரு நோய் இருக்கிறது. அந்த நோய் உள்ளவர்களுக்குக் கோதுமை விஷம்தான். ஆனால் அந்த நோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டால் ரத்தத்தில் இருக்கும் அடையாளம் மெல்ல மெல்ல மறைந்துவிடும். களையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ‘என்ன களை முளைத்திருந்தது?’ என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டால் அவர் எதைப் பார்த்துச் சொல்வார்?

செலியாக் என்பது என்ன?

கோதுமை மணியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தால் கடைசியில் ரப்பர் மாதிரி ஒரு பசை மிஞ்சும். கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விளையாட்டுதான். அந்தப் பசைதான் குளூட்டன் என்ற புரதம். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இந்த வகைப் புரதம் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சிலருக்கு மட்டும், இந்தப் புரதம் சிறுகுடலுக்குள் போனதும் உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தி தன் குடலையே தாக்க ஆரம்பித்துவிடும்.

சிறுகுடலின் உள்சுவரில் குடலுறிஞ்சிகள் நாற்றங்கால் போல நெருக்கமாக நிற்கின்றன. சாப்பாட்டின் சத்தை ரத்தத்துக்கு இழுத்துக்கொடுப்பவை அவைதான். செலியாக் நோயில் அந்த நாற்றங்கால் மாடு மேய்ந்த மாதிரி மொட்டையாகிவிடும். எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் சத்து ஒட்டாது. வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, ஏறாத எடை, வளராத உயரம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அசையாத ரத்தசோகை, சிடுசிடுப்பு என்று வரும். சிலருக்கு வயிற்றுப்போக்குக்குப் பதில் மலச்சிக்கலே வருவதும் உண்டு.

இந்த நோயின் காரணம் தெரிந்த கதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 1924-இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி ஹாஸ், இப்படி இளைத்துப்போன பிள்ளைகளுக்கு வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்தார். ரொட்டியை நிறுத்தினார். பிள்ளைகள் தேறினார்கள். பெயர் வாழைப்பழத்துக்குப் போனது. பல வருடங்கள் வாழைப்பழமே மருந்து என்று நம்பினார்கள். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குத்தான் ரொட்டி மேல் சந்தேகம் வந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ஊரே ரொட்டி இல்லாமல் வாடியபோது, செலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி படுத்துக்கொண்டார்கள். 1950-இல் டிக்கே தன் ஆய்வேட்டில் குற்றவாளி கோதுமைதான் என்று எழுதினார்.

குணம் தெரிந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் எதனால் தெரிந்தது என்பதில் தவறிவிடலாம். வாழைப்பழக் கதை சொல்வது அதைத்தான். துறையூர்ப் பையனுக்கும் அதுவே நடந்தது.

பரிசோதனை சொன்னது

டிடிஜி ஐஜிஏ என்ற செலியாக் பரிசோதனை, அதோடு மொத்த ஐஜிஏ அளவு, ரத்த அணுக்கள், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். மொத்த ஐஜிஏ-வையும் சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் பரிசோதனை ‘இல்லை’ என்று காட்டிவிடும்.

பையனுக்குச் செலியாக் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 8.2 தான் இருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தபோது உள்ளே மலம் கல்லாக இறுகிக் கிடந்தது தெரிந்தது. வீட்டார் வயிற்றுப்போக்கு என்று நினைத்தது, அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிந்த தண்ணீர். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பசும்பால் குடித்தால் சின்னப் பிள்ளைக்கு வேறு எதற்கும் பசி இருக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, நார்ச்சத்து அறவே இல்லை. பாலை நிறுத்தியதும் மலம் இளகியது, வயிறு வடிந்தது, தூக்கம் வந்தது. குளூட்டனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பால் அரை லிட்டருக்குள் நின்றது. மலச்சிக்கலுக்கு மருந்தும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் தொடங்கின. ஆட்டிசம் இருப்பதும் உறுதியானது. “நாங்க என்ன தப்பு பண்ணோம் டாக்டர்?” என்று தாய் கேட்டார். “ஒரு தப்பும் இல்ல. இது மூளை வளர்ற விதத்துல வர்ற வித்தியாசம். நீங்க சாப்பிட்டதாலயும் வரல, வளர்த்ததாலயும் வரல, தடுப்பூசியாலயும் வரல” என்றார் மருத்துவர்.

அப்படியானால் தொடர்பே இல்லையா?

இருக்கலாம் என்ற சந்தேகம் 50 வருடங்களுக்கும் மேற்பட்டது. 1970-களிலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடலை மருத்துவர்கள் ஆராயத் தொடங்கிவிட்டார்கள். 2010-இல் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆட்டிசம் என்று முடிவு செய்யப்பட்ட 5 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பரிசோதித்ததில் செலியாக் இருந்தது. குளூட்டன் இல்லாத உணவும் குறைந்திருந்த சத்துகளும் கொடுத்ததும் அவன் வயிறும் தேறியது, பேச்சும் பழக்கமும் மாறின. ‘கோதுமையை நிறுத்தினால் பேசும்’ என்ற பேச்சுக்குப் பின்னால் இப்படிப்பட்ட உண்மைக் கதைகளும் இருக்கின்றன. ஆனால் அந்தச் சிறுவனுக்கு முதலில் பரிசோதனை நடந்தது, நோய் உறுதியானது, பிறகுதான் உணவு மாறியது. அவன் கதை ஒரு பிள்ளையின் கதை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே நடக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

பெரிய கணக்கு 2013-இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. குடல் திசுப் பரிசோதனையில் செலியாக் உறுதியான சுமார் 27,000 பேரின் பதிவுகளை அங்கே ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் செலியாக் அதிகம் என்று அதில் தெரியவில்லை. செலியாக் உள்ளவர்களுக்குப் பின்னாளில் ஆட்டிசம் கண்டறியப்படுவது மட்டும் சற்றே கூடுதலாக இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: ரத்தத்தில் குளூட்டன் தொடர்பான அடையாளம் இருந்தும் குடல் கெடாமல் இருந்தவர்களிடம் ஆட்டிசம் நாலரை மடங்கு அதிகம். அதே 2013-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்விலும், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் கூடுதலாக இருந்தன. ஆனால் செலியாக்குக்கே உரிய அடையாளங்கள் கூடுதலாக இல்லை. குடலுக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் மூளைக்கும் நடுவே ஏதோ ஒரு நூல் ஓடுகிறது என்று இவை காட்டுகின்றன. குளூட்டன்தான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று இவை சொல்லவில்லை.

நிறுத்தினால் பலன் உண்டா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2016-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், செலியாக் இல்லாத, ஆட்டிசம் உள்ள 14 சின்னப் பிள்ளைகளுக்குக் குளூட்டனும் பால் புரதமும் இல்லாத உணவு கொடுத்தார்கள். பிறகு, எதில் என்ன இருக்கிறது என்று பெற்றோருக்கும் ஆய்வாளருக்கும் தெரியாதபடி இடையிடையே அவற்றைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நடத்தையிலோ தூக்கத்திலோ மலத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும், செலியாக் இல்லாத பிள்ளைக்குக் கோதுமையை நிறுத்துவதால் பேச்சு வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை.

நம் மண்ணில் எவ்வளவு?

2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று விவசாயிகளுக்கு முக்கியமானது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். தென்னிந்தியாவுக்கு நம் வேலூர்ப் பகுதி. வடக்கே நூறு பேரில் 1.23 பேருக்கு ரத்தத்தில் செலியாக் அடையாளம் இருந்தது. வடகிழக்கில் 0.87. இங்கே 0.10, அதாவது ஆயிரத்தில் ஒருவர்.

நம் ரத்தத்தில் அந்த நோய்க்கான மரபணு இல்லையா? இருக்கிறது. வடக்கே நூற்றுக்கு 38 பேருக்கும் இங்கே 36 பேருக்கும் அது இருந்தது. வித்தியாசம் தட்டில்தான். அவர்கள் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், இங்கே 25 கிராம். விதை இரண்டு ஊரிலும் இருக்கிறது, தண்ணீர் ஓர் ஊரில்தான் பாய்கிறது. சோறும் கேழ்வரகும் கம்பும் சாமையும் சாப்பிட்ட தலைமுறைக்கு இந்த நோய் தலைகாட்ட வழியே இல்லாமல் இருந்திருக்கிறது. இப்போது காலையில் ரஸ்க், பள்ளிக்கூடத்துக்கு நூடுல்ஸ், சாயங்காலம் பிஸ்கட், ராத்திரி பரோட்டா, சப்பாத்தி என்று வளரும் பிள்ளைகளுக்கு அந்த 25 கிராம் கணக்கு பொருந்துமா என்பது யோசிக்க வேண்டியது.

யாருக்குப் பரிசோதனை வேண்டும்?

ஆட்டிசம் இருக்கிறது என்பதற்காக மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டியதில்லை. கூடவே நாள்பட்ட வயிற்றுப்போக்கு, உப்பிய வயிறு, எடையும் உயரமும் ஏறாமை, மருந்துக்கும் தேறாத ரத்தசோகை இருந்தால் மருத்துவரிடம் கேட்க வேண்டும். கூடப்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ செலியாக் இருந்தாலும், பிள்ளைக்குச் சிறுவயதுச் சர்க்கரை நோய், டவுன் சிண்ட்ரோம் இருந்தாலும் கேட்க வேண்டும். வயிறு வலிக்கிறது என்று பேசத் தெரியாத பிள்ளை சொல்லாது. தலையை முட்டும், கடிக்கும், ராத்திரி எழுந்து அலறும். அதை ‘ஆட்டிசக் குணம்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தால் தானாக மறுபடி ஆரம்பிக்காமல் மருத்துவர் சொன்னபடி செய்ய வேண்டும். ரத்தத்தில் நோய் தெரிந்தால், குழாய் விட்டுக் குடல் திசு எடுத்துப் பார்த்து உறுதி செய்வது வழக்கம்.

நோய் உறுதியானால்

வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான் மருந்து. வாரம் ஒருநாள் விலக்கு என்பதெல்லாம் கிடையாது. ரவை, மைதா, சேமியா, பரோட்டா, ரஸ்க், பிரெட், பார்லி மால்ட் சேர்த்த பானங்கள் எல்லாம் ஆகாது. தூள் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம், அதையும் பார்க்க வேண்டும். சத்துமாவு பாக்கெட்டில் கோதுமை இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்க வேண்டும். பள்ளியில் ரவை, சேமியா உப்புமா போடும் நாள் எது என்று ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

‘இயற்கை முறையில் விளைந்த கோதுமை ஒன்றும் செய்யாது’, ‘சம்பா கோதுமை பழைய ரகம், அதில் குளூட்டன் இல்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் தவறு. எந்த உரம் போட்டாலும் போடாவிட்டாலும், எந்த ரகமானாலும், கோதுமை என்றால் குளூட்டன் உண்டு.

மாற்று நம் வயலிலேயே இருக்கிறது. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மரவள்ளி எல்லாம் குளூட்டன் இல்லாதவை. ஆனால் மாவு மில்லில் கவனம் வேண்டும். முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துப் போன கல்லில் கேழ்வரகு அரைத்தால் மிச்ச மாவு அதில் சேர்ந்துவிடும். ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தாலே அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கக் கூடாது என்பது விதி. அவ்வளவு கொஞ்சமே போதும், கெடுக்க. கோதுமை அரைக்காத மில்லைத் தேடலாம். இல்லாவிட்டால் வீட்டு மிக்ஸியில் தனி ஜாரில் அரைக்கலாம்.

செலியாக் இல்லாத பிள்ளைக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் தேவையில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஏற்கெனவே நாலைந்து பதார்த்தம்தான் இறங்கும். அதில் இரண்டைப் பிடுங்கினால் என்ன மிஞ்சும்? பாலை அறவே நிறுத்தினால் எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து வேறு வழியில் போக வேண்டும். வெறும் பேச்சை நம்பி அந்த ஆபத்தில் இறங்க வேண்டாம்.

பேச்சுக்கு வழி எங்கே?

12 மாதத்தில் பேர் சொன்னால் திரும்பாதது, 18 மாதத்தில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, 2 வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது, வந்த பேச்சு நின்றுபோவது: இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மருத்துவக் கல்லூரி, மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு பலன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

துறையூர்ப் பையன் வாரம் ஒருமுறை தாயோடு திருச்சி பஸ் ஏறுகிறான். மற்ற நாட்களில் மையத்தில் சொல்லிக்கொடுத்ததை வீட்டிலும் வயலிலும் அக்காள் விளையாட்டாகவே செய்விக்கிறாள். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது. தயிர்ச்சோறும் கேழ்வரகுக் களியும் இறங்குகின்றன. ‘தா’ என்று கை நீட்டிக் கேட்கிறான். இன்னும் நீண்ட தூரம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அரசின் சிறார் நலப் பரிசோதனைக் குழு ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. அடுத்து எப்போது வரும் என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். அன்றைக்கு வெங்காயம் பிடுங்க ஆள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளையோடு பெற்றவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். பிள்ளை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று அந்த மருத்துவருக்குச் சொல்லக்கூடியவர் அவர்தான்.